60 கிலோ, மூன்று ஒலிம்பிக் தங்கம்: ஜூடோ வீரர் தடாஹிரோ நோமுரா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த நோமுரா? ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

ஜப்பானின் நாரா மாகாணத்தில் கோர்யோ என்ற ஊரில் 1974 டிசம்பர் 10 அன்று பிறந்தவர். உயரம் 164 சென்டிமீட்டர். ஆண்கள் ஜூடோவின் மிகக் குறைந்த எடைப் பிரிவான 60 கிலோவில் 1996 அட்லாண்டா, 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ் என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார். தனிநபர் பிரிவில் தொடர்ச்சியாக மூன்று முறை என்பதை ஜூடோவில் அவருக்கு முன்பும் யாரும் செய்யவில்லை, பின்பும் செய்யவில்லை. நடுவில் 1997 பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பிலும் தங்கம்.

குடும்பமே ஜூடோ குடும்பம் என்கிறார்களே?

ஆமாம், அதுவும் சாதாரணக் குடும்பம் இல்லை. தாத்தா சொந்தமாக டோஜோ நடத்தியவர். டோஜோ என்றால் பயிற்சிக்கூடம். மூன்று வயதிலேயே பேரன் அங்கே தத்தாமி பாயில் உருண்டுகொண்டிருந்தான். அப்பா மோடோஜி நோமுரா, தென்ரி உயர்நிலைப் பள்ளியின் ஜூடோ பயிற்சியாளர். அவரிடம் வளர்ந்த ஷின்ஜி ஹோசோகாவா 1984 லாஸ் ஏஞ்சலஸில் இதே 60 கிலோவில் தங்கம் வென்றார். சித்தப்பா டொயோகாசு நோமுரா 1972 மியூனிக்கில் 70 கிலோவில் தங்கம்.

இதில் ஒரு வட்டமும் உண்டு. அப்பா வளர்த்த ஹோசோகாவாதான் பிறகு தென்ரி பல்கலைக்கழகத்தில் தடாஹிரோவுக்குப் பயிற்சியாளர். தென்ரி என்பது நாராவில் இருக்கும் சிறு நகரம். தென்ரிக்யோ என்ற மதத்தின் தலைமையிடம், பல்கலைக்கழகமும் அவர்களுடையதுதான். ஜூடோவில் அந்த ஊருக்குத் தனிப்பெயர். 1964இல் டோக்கியோவுக்கே வந்து ஜப்பானியர்களைத் தோற்கடித்துத் தங்கம் கொண்டுபோன டச்சுக்காரர் அன்டன் கீசிங்க்கூட தென்ரியில் பயிற்சி எடுத்தவர். சிட்னியில் சர்ச்சைக்குரிய தீர்ப்பில் தங்கத்தை இழந்த ஷினிச்சி ஷினோஹாரா, பிற்காலத்தில் 73 கிலோவில் இரண்டு தங்கம் வென்ற ஷோஹெய் ஓனோ எல்லோரும் தென்ரி ஆட்கள்தான்.

அப்படியானால் சின்ன வயதிலேயே பெரிய ஆளாக இருந்திருப்பார், இல்லையா?

அதுதான் இல்லை. நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த புதிதில் ஆடிய ஆட்டத்தில் ஒரு பெண்ணிடம் தோற்றார். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது எடை ஏறக்குறைய 45 கிலோதான், 60 கிலோ பிரிவில் நிற்கவே உடம்பு பத்தவில்லை. அதுவும் அப்பாவே பயிற்சியாளராக இருக்கும் பள்ளி. அந்த அப்பாவே, கஷ்டப்பட்டு ஜூடோ செய்யவேண்டிய கட்டாயம் இல்லை என்று மகனிடம் சொல்லிவிட்டார். பாசத்தில் சொன்னதாகவே இருக்கட்டும், சித்தப்பா ஒலிம்பிக் சாம்பியனாக இருக்கும் வீட்டில் பதினைந்து வயதுப் பையன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

உடம்பு கூடியதும் நிலைமை மாறியது. அதற்கு முன்பே, எடை இல்லாத காலத்திலேயே, தூக்கி எறியும் நுட்பம் கையில் ஏறியிருந்தது. பலம் இருந்தால் பிடித்து இழுத்து எப்படியாவது சமாளிக்கலாம், பலம் இல்லாதவனுக்கு நுழையும் வேகமும் கோணமும் சரியாக இருந்தே ஆகவேண்டும். அந்தப் பழக்கம் கடைசிவரை அவர் ஆட்டத்தில் தெரியும்.

60 கிலோ பிரிவை ஜப்பானிலேயே அவ்வளவு பெரிதாக மதிப்பதில்லை என்பது உண்மையா?

ஓரளவு உண்மை. வருடா வருடம் ஏப்ரல் 29 அன்று டோக்கியோ நிப்பான் புடோகானில் அகில ஜப்பான் சாம்பியன்ஷிப் நடக்கும். அதில் எடைப் பிரிவே கிடையாது, யாரும் யாரோடும் மோதலாம். சொல்லவே வேண்டாம், கனமானவர்கள்தான் பெரும்பாலும் ஜெயிப்பார்கள். சின்னவன் பெரியவனைச் சாய்ப்பதுதான் ஜூடோ என்று பாடம் சொல்லிக்கொடுக்கும் ஊரில், அசல் சாம்பியன் என்று அந்தப் பட்டத்துக்காரரைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு இது எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும்.

ஒலிம்பிக்கிலும் 60 கிலோ பிரிவு வந்தது 1980 மாஸ்கோவில்தான், அந்த ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணித்துவிட்டது. 1984இல் ஹோசோகாவா தங்கம் வென்றார், ஆனால் 1988இல் தென் கொரியாவின் கிம் ஜே-யப், 1992இல் அஜர்பைஜானைச் சேர்ந்த நசிம் ஹுசெய்னோவ் என்று தங்கம் கைமாறிப் போய்விட்டது.

அட்லாண்டாவுக்கு முன் அவரை யாருக்காவது தெரியுமா?

ஜூடோ வட்டாரத்துக்கு வெளியே தெரியாது. அப்போது வயது 21, இன்னும் கல்லூரி மாணவர். 1996 ஏப்ரலில் நடந்த எடைப் பிரிவு தேர்வுப் போட்டியில் வென்று அணிக்குள் வந்தார். ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒரே ஆள்தான் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் உலகத் தரத்தில் நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்களில் மிச்சம் எல்லோரும் டிவியில்தான் ஒலிம்பிக் பார்க்கவேண்டும்.

அட்லாண்டாவில் மூன்றாவது சுற்றில் ரஷ்யாவின் நிக்கோலாய் ஓஜெகின், முந்தைய வருட உலக சாம்பியன். நோமுரா புள்ளியில் பின்தங்கி நின்றார். ஆட்டம் முடிய சில வினாடிகளே இருக்கும்போது தூக்கி எறிந்து திருப்பினார். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையின் மிக முக்கியமான ஆட்டம் அதுதான், இறுதி ஆட்டங்கள்கூட அப்புறம்தான். அன்று தோற்றிருந்தால் அடுத்த இரண்டு தங்கத்துக்குப் பேச்சே இருந்திருக்காது. இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் ஜிரோலாமோ ஜோவினாட்சோவை செயோய் நாகேயில் வீழ்த்தினார்.

செயோய் நாகே என்றால்?

எதிராளியின் உடைக் கழுத்தையும் கையையும் பிடித்து, சட்டென்று திரும்பி, அவருக்குக் கீழே நுழைந்து, முதுகில் ஏற்றித் தோளுக்கு மேலே எறிவது. முழு வேகத்தோடு முதுகு தரையில் பட விழுந்தால் இப்போன், அத்தோடு ஆட்டம் முடிந்தது. பார்க்க எளிது. ஆனால் திரும்பும்போது உங்கள் முதுகை எதிராளிக்குக் காட்டுகிறீர்கள், அரை நொடி தாமதித்தால் அவர் உங்களைப் பின்னாலிருந்து பிடித்துப் புரட்டிவிடுவார்.

நோமுராவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இது. ஆனால் இது மட்டும் இருந்திருந்தால் எதிராளிகள் ஒரே வருடத்தில் பூட்டுப் போட்டிருப்பார்கள். செயோய்க்குப் பயந்து பின்னால் சாய்ந்தால் காலைத் தட்டிப் பின்பக்கமாகவே சாய்ப்பார், முன்னால் குனிந்தால் உச்சிமாத்தா (உள் தொடையில் காலைக் கொடுத்துத் தூக்கி எறிவது), பக்கவாட்டில் நகர்ந்தால் வேறொன்று. எதை வேண்டுமானாலும் எடுப்பார் என்ற சந்தேகம் எதிராளிக்கு இருந்ததால்தான் செயோய் வேலை செய்தது. புள்ளியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து நிற்கிற ஆட்டம் அவருக்குப் பிடிக்காது, இப்போன் கேட்டுப் போகிறவர்.

சிட்னியில் 14 வினாடியில் இறுதி ஆட்டம் முடிந்தது என்பது கட்டுக்கதையா?

இல்லை, நடந்தது. 2000 செப்டம்பர் 16. எதிரே தென் கொரியாவின் ஜுங் பு-கியுங் (பிற்பாடு கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைக்குப் போனவர்). ஆண்கள் ஆட்டத்துக்கு அப்போது ஐந்து நிமிடம். நோமுரா போட்டது சுமி ஒத்தோஷி. இதில் காலால் தட்டுவதோ இடுப்பில் ஏற்றுவதோ இல்லை, எதிராளியின் எடை ஒரு மூலைக்குச் சாயும் அந்தக் கணத்தில் கையாலேயே இழுத்துக் கவிழ்ப்பது. பயிற்சியில் இணங்கிக் கொடுக்கும் ஆளிடம் செய்வதே பெரும்பாடு. அதை ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், உட்கார்ந்து டீயை எடுத்து வாயில் வைப்பதற்குள் முடித்துவிட்டார்.

இன்னொரு சின்ன விஷயம்: ஒருவர் வெள்ளை, ஒருவர் நீலம் என்று உடை பிரித்தது ஒலிம்பிக்கில் முதன்முதலாக சிட்னியில்தான். அட்லாண்டா வீடியோவில் இரண்டு பேரும் வெள்ளையில் இருப்பதால், வேகமான ஆட்டத்தில் யார் யாரை எறிந்தார் என்று தெரிந்துகொள்ளவே திரும்பப் பார்க்கவேண்டி வரும்.

மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவருக்கு உலகப் பட்டம் ஒன்றே ஒன்றுதானா? அப்படியானால் அதிர்ஷ்டம்தானே?

இந்தக் கேள்வி வராத இடமே இல்லை. கணக்கைப் பார்ப்போம். உலக சாம்பியன்ஷிப்பில் அவர் ஆடியதே இரண்டு முறைதான்: 1997 பாரிஸில் தங்கம், 2003 ஒசாகாவில் வெண்கலம். 1999 பர்மிங்ஹாமில் அவர் இல்லை, கியூபாவின் மனோலோ பௌலோட் வென்றார். 2001 மியூனிக்கில் இல்லை, துனீசியாவின் அனிஸ் லூனிஃபி வென்றார். ஆக ஒலிம்பிக்கும் உலகப் போட்டியும் சேர்த்து ஐந்து முறை இறங்கி, நான்கு தங்கம், ஒரு வெண்கலம்.

மற்றவர்கள் வருடம் முழுக்க ஆடிச் சேர்த்த பதக்கங்களோடு ஒப்பிட்டு இவருடைய பட்டியல் குட்டையாக இருக்கிறது என்று சொல்வது சரியில்லை. காயம் ஒரு காரணம். சும்மா ஆடிக்கொண்டிருக்க முடியாத மனசு இன்னொரு காரணம், சிட்னிக்குப் பின்னும் ஏதென்ஸுக்குப் பின்னும் விலகியிருந்தார். நான்கு வருடத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வருவது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் கொஞ்சம்தான்.

சிட்னிக்குப் பிறகு ஆளையே காணவில்லையே, எங்கே போனார்?

அமெரிக்காவுக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் படித்தார். இரண்டு தங்கம் வாங்கியாயிற்று, இதற்கு மேல் என்ன என்ற நிலை. இரண்டு வருடம் போட்டிப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்தபோது வயது 27ஐத் தாண்டியிருந்தது. இந்த எடைப் பிரிவில் அது இளமை இல்லை, வேகம்தான் இங்கே மூலதனம். ஆரம்பத்தில் தோல்விகள். 2003 ஒசாகாவில் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் வெண்கலத்தோடு நின்றார், தங்கம் தென் கொரியாவின் சோய் மின்-ஹோவுக்கு. அந்த நேரத்தில் ஏதென்ஸுக்கு நோமுரா போவார் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் கட்டியிருக்க மாட்டேன்.

2004 ஏப்ரல் தேர்வுப் போட்டியில் ஜெயித்து இடத்தைப் பிடித்தார். ஆகஸ்ட் 14 அன்று ஏதென்ஸ் இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவின் நெஸ்டர் கெர்கியானியை வென்று மூன்றாவது தங்கம். ஒசாகாவில் உலக சாம்பியனான சோய்க்கு அன்று வெண்கலம்தான். கோடைக்கால ஒலிம்பிக்கில் ஜப்பான் வாங்கிய 100வது தங்கமும் அதுதான்.

99வது யாருடையது?

ரியோகோ தானி, அதே நாளில், பெண்கள் 48 கிலோவில். திருமணத்துக்கு முன் ரியோகோ தமுரா.

இந்த இரண்டு பேர் கதையும் பின்னிக்கொண்டது. ஆண்களில் 60, பெண்களில் 48 என்று இரண்டுமே மிகக் குறைந்த எடைப் பிரிவு என்பதால் ஒலிம்பிக்கில் ஒரே நாளில்தான் நடக்கும். அட்லாண்டாவில் ஜப்பானே தமுராவின் தங்கத்துக்குக் காத்திருந்தது. வட கொரியாவின் கியே சன்-ஹுய் என்ற, பெரிதாகப் பெயர் கேள்விப்படாத சிறுமி இறுதி ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தார். யாரும் எதிர்பார்க்காத நோமுரா தங்கம் வாங்கினார், ஆனால் நாடு அந்தத் தோல்வியைத்தான் பேசியது. சிட்னியில் இரண்டு பேருக்கும் தங்கம், தமுராவின் முதல் தங்கம் என்பதால் முதல் பக்கம் அவருக்கு. ஏதென்ஸிலும் ஏறக்குறைய அதே கதை. தானி ஏழு முறை உலக சாம்பியன், அவருக்குக் கிடைத்த புகழில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் மூன்று தங்கம் வாங்கிய ஒருவர் மூன்று முறையும் இரண்டாவது செய்தியாக வந்தது கொஞ்சம் அநியாயம்தான்.

பெய்ஜிங்கில் நான்காவதுக்கு முயற்சி செய்தாரா?

செய்தார். ஏதென்ஸுக்குப் பிறகும் கொஞ்ச காலம் விலகியிருந்துவிட்டு மறுபடி வந்தார். 2007இல் வலது முழங்காலில் முன் சிலுவைத் தசைநார் அறுந்தது. செயோய் நாகேக்குத் திரும்பும்போது உடம்பின் பாரம் முழுக்க முழங்காலில்தான் இறங்கும், அங்கேயே அடி. அறுவை சிகிச்சை செய்தால் 2008க்குள் தயாராக முடியாது என்பதால் செய்யாமலே ஆடினார். ஏப்ரல் தேர்வுப் போட்டியில் தோற்றார். அப்போது வயது 33.

அவர் இடத்தில் பெய்ஜிங் போன ஹிரோஆகி ஹிராஓகா தன் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறினார், அடுத்து லண்டனில் வெள்ளி வாங்கினார். பெய்ஜிங் தங்கம் சோய் மின்-ஹோவுக்கு.

அத்தோடு விட்டிருக்கலாமே? ஏன் 40 வயது வரை ஆடினார்?

விட்டிருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். முழங்காலைச் சரிசெய்துகொண்டு லண்டனையும் குறி வைத்தார், கிடைக்கவில்லை. தோள், முழங்கால் என்று அறுவை சிகிச்சைகள் சேர்ந்துகொண்டே போயின. அதன் பிறகும் வருடத்துக்கு ஓரிரு போட்டிகளில் இறங்கினார், பெயர் தெரியாத இளைஞர்களிடம் தோற்றார்.

உச்சத்தில் இருக்கும்போதே போய்விட வேண்டும் என்று நம் கிரிக்கெட் ரசிகர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நமக்கும் அது பழகிவிட்டது. நோமுரா விஷயத்தில் நான் அதை ஏற்க மாட்டேன். அவர் ஏற்கெனவே இரண்டு முறை உச்சத்தில் இருக்கும்போது விலகிப் பார்த்தவர், இரண்டு முறையும் திரும்பி வந்தவர். மூன்றாவது முறை, உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை என்று தனக்கே தெரியும்வரை ஆடிவிட்டுப் போக விரும்பினார். அவர் எந்த இளைஞரின் இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கவில்லை, தேர்வுப் போட்டியில் ஜெயித்தால்தான் இடம். தோற்பது அவர் செலவில்தான் நடந்தது. சரி, விளம்பரதாரர் செலவிலும்தான். மிக்கி ஹவுஸ் என்ற குழந்தைகள் ஆடை நிறுவனத்தின் ஜூடோ அணியில் இருந்தார், அவர்களும் பொறுமையாகவே இருந்தார்கள்.

கடைசி ஆட்டம் எது?

2015 ஆகஸ்ட் 29, ஒசாகாவை ஒட்டிய அமகசாக்கியில், நிறுவன அணிகளின் வீரர்களுக்கான அகில ஜப்பான் தனிநபர் போட்டி. இதுதான் கடைசி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தார். முதல் இரண்டு ஆட்டங்களையும் இப்போனில் வென்றார். மூன்றாவதில் ஓர் இளைஞர் அவரை இப்போனில் எறிந்தார். புள்ளிக் கணக்கில் இழுத்து முடிக்காமல் சுத்தமாக எறிந்து அனுப்பிவைத்தது அந்த இளைஞர் காட்டிய மரியாதை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

டெடி ரினர் அவருடைய சாதனையை முறியடித்துவிட்டாரே?

முறியடிக்கவில்லை, தனிநபர் தங்கத்தில் சமன் செய்தார். பிரான்சின் ரினர் 2012, 2016, 2024 ஆகிய வருடங்களில் தனிநபர் தங்கம் வாங்கினார். நடுவில் டோக்கியோவில் தனிநபர் பிரிவில் வெண்கலம். கலப்பு அணிப் பிரிவுத் தங்கங்களையும் சேர்த்தால் ரினரின் எண்ணிக்கை அதிகம்தான், ஆனால் நோமுரா காலத்தில் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவே கிடையாது. தொடர்ச்சியாக மூன்று தனிநபர் தங்கம் என்றால் இன்றும் நோமுரா மட்டும்தான்.

இன்றைய விதிகளில் அவரால் ஜெயிக்க முடியுமா?

ஆட்டத்தைப் பொறுத்தவரை முடியும் என்றுதான் நினைக்கிறேன். 2010 முதல் இடுப்புக்குக் கீழே கையால் பிடிப்பதைப் படிப்படியாகத் தடை செய்தார்கள், நிமிர்ந்து நின்று எறிபவர்களுக்கு அது சாதகம். ஆட்ட நேரம் நான்கு நிமிடமாகக் குறைந்தது, அவருக்கு அதில் பாதி போதும்.

சிக்கல் வேறு இடத்தில். 2009 முதல் உலகத் தரவரிசை வந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் ஆடிப் புள்ளி சேர்த்தால்தான் இப்போது ஒலிம்பிக் வாசல் திறக்கும். இரண்டு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்து, ஏப்ரலில் ஒரு போட்டியில் ஜெயித்து ஆகஸ்டில் ஒலிம்பிக்கில் நிற்கும் பாதை மூடிவிட்டது. அவருடைய முதல் தங்கத்தை இன்று யாராவது வாங்கலாம், மூன்றாவதை அவர் வாங்கிய விதத்தில் வாங்க வழியே இல்லை.

இப்போது என்ன செய்கிறார்?

ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே படிப்பையும் விடவில்லை. 2013இல் ஹிரோசாக்கி பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறையில் முனைவர் பட்டம் வாங்கினார். ஓய்வுக்குப் பின் தொலைக்காட்சி வர்ணனை, பயிற்சி முகாம்கள், மேடைப் பேச்சு. 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், ஆளில்லாத அரங்குக்குள் மல்யுத்த வீராங்கனை சவோரி யோஷிதாவோடு சேர்ந்து ஜோதியை ஏந்தி வந்தவர் அவர்தான். மறுநாளே நிப்பான் புடோகானில் நவோஹிசா தகாத்தோ 60 கிலோவில் தங்கம் வாங்கினார். ஏதென்ஸுக்குப் பிறகு அந்தப் பிரிவில் ஜப்பானுக்கு வந்த முதல் தங்கம் அது, பதினேழு வருடம் ஆகியிருந்தது.

ஜூடோ எதுவும் தெரியாது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

எல்லோரும் சிட்னி இறுதி ஆட்டத்தைத்தான் காட்டுவார்கள். 14 வினாடியில் முடிந்துவிடும், என்ன நடந்தது என்று புரியாது. அட்லாண்டாவில் ஓஜெகினோடு ஆடியதை முதலில் பாருங்கள். பழைய விதிகள் என்பதால் கோகா போன்ற சின்னச் சின்னப் புள்ளிகள் பலகையில் வரும், குழம்ப வேண்டாம். யார் முன்னால் இருக்கிறார் என்று மட்டும் கவனித்தால் போதும். நோமுரா எத்தனை முறை நுழைந்து, எத்தனை முறை ஓஜெகின் அதைத் தடுக்கிறார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். அப்புறம் சிட்னிக்குப் போங்கள், வேகத்தைக் குறைத்துவைத்து, ஜுங்கின் கால்களைப் பாருங்கள்.